முதலில் மாத்திரை அட்டையை எண்ணுங்கள்

திருக்கடையூரில் எண்பதாம் கல்யாணம் நடக்கும்போது கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றுகிற நேரம் மிஞ்சிப் போனால் பத்து நிமிஷம். பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்திகள், சம்பந்திகள் என்று வரிசையாக வந்து ஊற்றுவார்கள். தாத்தா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். பாட்டிக்குப் பல் தந்தியடிக்கும். அந்தப் பத்து நிமிஷத்தைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. மாயவரத்தில் சின்ன ஸ்டுடியோ. 27 வருஷமாக வாரத்தில் மூன்று நாலு நாள் செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு போய்வருகிறேன். மார்க்கண்டேயனைப் பிடிக்க வந்த எமனைச் சிவன் உதைத்த இடம் என்பதால், அறுபது, எழுபது, எண்பது முடிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ இங்கே வந்து மறுபடி தாலி கட்டிக்கொள்கிறார்கள்.

"எண்பது வயசு ஆளுங்களையே படம் எடுக்குறீங்களே, அவங்க ரகசியம் என்னங்க?" என்று கேட்காத ஆளில்லை. ரொம்ப நாள் "சிரிச்ச முகமா இருக்காங்க, அதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் ஆல்பங்களில் எல்லாரும் சிரிப்பார்களே, அதைப் பார்த்துச் சொன்னது. அதெல்லாம் "கொஞ்சம் சிரிங்க தாத்தா" என்று நான் கத்தின பிறகு வந்த சிரிப்பு என்பது எனக்கே மறந்துவிட்டது.

இன்னொன்றும் மறந்திருந்தேன். எழுபதுக்கு வந்து எண்பதுக்கு வராதவர்கள் என் கேமராவுக்குள் வருவதே இல்லை. பிழைத்துக் கிடந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு ஆயுள் ரகசியம் பேசுவது, கரையேறினவனிடம் மட்டும் நீச்சல் கேட்பது மாதிரி. முங்கினவனுக்கும் அதே நீச்சல் தெரிந்திருக்கலாம்.

எனக்குப் புத்தி வந்தது வீட்டுக்குள்ளேயே. அப்பா கலகலப்பான ஆள். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சில் இடம் இருக்காது. பிரஷருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். "தல சுத்துனா போட்டுக்குவோம்" என்பார். 62 வயதில் பக்கவாதம், மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. அவருடைய சட்டைப் பையில் பொடி டப்பாவோடு ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பத்தில் ஒன்பது அப்படியே இருந்தது.

அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, குத்தாலம் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். வயது 88. சிரித்து நான் பார்த்தது கல்யாண வீடுகளில் இரண்டு தடவை. ஆனால் கருத்தான மனுஷி. எங்கள் பக்கம் ஒருத்தரை 'கருத்தா இருப்பாங்க' என்று சொன்னால் புத்திசாலி என்று மட்டும் பொருளில்லை. சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்வார், எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பார், கடனை நினைவில் வைத்திருப்பார் என்றெல்லாம் பொருள்.

உளவியல்காரர்கள் மனிதக் குணங்களை ஐந்து பெரிய பகுதிகளாகப் பிரிக்கிறார்கள்: கலகலப்பு, இணக்கம், கவலைப்படும் சுபாவம், புதுசைத் தேடும் ஆர்வம், இந்தக் கருத்து. ஆயுளோடு விடாமல் ஒட்டிக்கொண்டு வருவது இந்தக் கடைசிதான். 1921-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன், கலிஃபோர்னியாவில் கெட்டிக்காரப் பிள்ளைகள் 1,500 பேருக்கு மேல் தேர்ந்தெடுத்து, அவர்களை வாழ்நாள் முழுக்கத் தொடர ஆரம்பித்தார். டெர்மன் 1956-ல் இறந்த பிறகும் வேலை நிற்கவில்லை. ஹோவர்ட் ஃப்ரீட்மன் என்பவரும் கூட்டாளிகளும் அந்தப் பழைய குறிப்புகளையும் இறப்புச் சான்றிதழ்களையும் ஒப்பிட்டு 1993-ல் சொன்னது இது: சின்ன வயதில் பெற்றோரும் ஆசிரியரும் 'பொறுப்பான பிள்ளை' என்று மதிப்பிட்டவர்கள் அதிக நாள் இருந்தார்கள். 'எப்போதும் குஷியான பிள்ளை' என்று பெயர் வாங்கினவர்கள் சராசரியாகக் கொஞ்சம் முன்னாடியே போனார்கள். அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் சட்டைப் பைதான் ஞாபகம் வந்தது.

2013-ல் வந்த இன்னொரு ஆய்வு, ஏழு தொடர் ஆய்வுகளைச் சேர்த்து 76,150 பேரைப் பார்த்தது. ஐந்து குணங்களில் கருத்து ஒன்றுதான் எல்லா இடத்திலும் இறப்பு அபாயத்தோடு தொடர்பு காட்டியது. அதில் கீழ்வரிசையில் இருந்தவர்களுக்கு அபாயம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே கூடுதல். எல்லாம் வெளிநாட்டு ஆட்களை வைத்துப் பார்த்தது என்பதை மறக்க வேண்டாம். குணம்தான் ஆயுளைத் தருகிறது என்று நிரூபித்ததும் இல்லை, இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பதுதான் விஷயம். காரணம் ஓரளவுக்கு நமக்கே புரிகிறதுதான். கருத்தான ஆள் குறைவாகப் புகைக்கிறார், ஹெல்மெட் மாட்டுகிறார், மருந்தை விடுவதில்லை, வேலையும் குடும்பமும் அவ்வளவு சீக்கிரம் குலைவதில்லை.

சரி, 54 வயதில் குணத்தை மாற்ற முடியுமா? நான் செய்துபார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை, சோதனை. ஆன்லைன் கேள்வித்தாள் எதுவும் வேண்டாம், நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்வதில் நாம் எல்லோரும் தாராளப் பிரபுக்கள். மாத்திரை வைக்கிற டப்பாவை எடுத்து எண்ணுங்கள். ஒன்றாம் தேதி 30 வாங்கி அன்றிலிருந்து தினம் ஒன்று போடுபவராக இருந்தால், 18-ஆம் தேதி காலையில் போடுவதற்கு முன்னால் 13 இருக்க வேண்டும். நான் எண்ணினபோது என்னிடம் 21 இருந்தது. மாத்திரை சாப்பிடாத ஆள் என்றால் வேறு வழி இருக்கிறது: கரண்ட் பில்லைக் கட்டின தேதி, வண்டி இன்ஷூரன்ஸ் முடிகிற தேதி, கடைசியாக ரத்தம் கொடுத்துச் சோதித்த தேதி. இந்த மூன்றையும் எங்கும் பார்க்காமல் சொல்ல முடிகிறதா?

இரண்டாவது வேலை, இதுதான் முக்கியமானது, நான் தற்செயலாகக் கண்டுபிடித்தது. மாத்திரையில் எட்டு தப்பு செய்கிற நான் தொழிலில் அப்படி இல்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பேட்டரி சார்ஜ் போட மறந்து போய், கலசாபிஷேகம் பாதியில் கேமரா அணைந்துவிட்டது. அந்தத் தாத்தாவின் மகன் என்னைத் திட்டவில்லை. "பரவால்லங்க" என்றார். அந்தப் 'பரவால்ல' இன்னமும் காதில் கேட்கிறது. அன்றிலிருந்து ஆர்டருக்கு முந்தின ராத்திரி எட்டரை மணிக்கு மேசையில் துண்டை விரித்து மூன்று பேட்டரி, நாலு மெமரி கார்டு, ஃப்ளாஷுக்கு எட்டு செல் என்று வரிசையாக அடுக்கி, எண்ணித்தான் பையில் வைக்கிறேன். ஒரு நாள் தவறினதில்லை. கருத்து என்கிற குணம் என்னிடம் இல்லாமல் இல்லை. அது ஒரே வயலில் பாய்ந்துகொண்டிருந்தது.

ஆகவே புதுக் குணம் எதையும் உண்டாக்க முயற்சி செய்யாதீர்கள். ஏற்கெனவே எந்த விஷயத்தில் நீங்கள் கருத்தான ஆள் என்று பாருங்கள், அங்கிருந்து உடம்புக்கு ஒரு மடை வெட்டுங்கள். எல்லாருக்கும் ஒன்று இருக்கும். இட்லிக்கு அரிசி உளுந்து அளவை 40 வருஷமாக மாற்றாதவர் இருப்பார். மூன்றாம் நபருக்குக் கொடுத்த ஐந்து ரூபாயை மறக்காதவர் இருப்பார். சாமிக்கு விளக்கு ஏற்றாமல் காப்பி குடிக்காதவர் இருப்பார்.

நான் செய்தது: மாத்திரை டப்பாவைப் பேட்டரி சார்ஜர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். காலையில் சார்ஜரிலிருந்து பேட்டரியைப் பிடுங்கினால் மாத்திரை, அவ்வளவுதான். 'தினமும் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும்' என்ற தீர்மானத்தை விட, 'இது நடந்ததும் அது' என்று இடமும் நேரமும் சேர்த்துக் கட்டிவைப்பது கூடுதலாகப் பலிக்கும் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

என் சிநேகிதன் ஒருவன் விவசாயி. குறுவையோ சம்பாவோ, மும்முனைக் கரண்ட் ராத்திரி ரெண்டு மணிக்கு வருகிறதென்றால் அலாரம் இல்லாமல் எழுந்து மோட்டார் போடப் போவான். சுகர் பத்து வருஷமாக இருக்கிறது, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. பித்தவெடிப்பில் சேறு புகுந்து புண்ணாகி இருபது நாள் வீட்டில் கிடந்தான். அவனிடம் சொன்னேன்: "மாப்ள, மோட்டார் போட்டுட்டு வந்து காலக் கழுவுவல்ல, அப்ப துடைச்சுட்டு, கையில இருக்குற டார்ச்ச அடிச்சு ரெண்டு உள்ளங்காலையும் வெரலு இடுக்கையும் பாரு. வேற ஒண்ணும் செய்ய வேணாம்." டார்ச் கையில் இருக்கிறது, காலும் கழுவியாகிவிட்டது. இப்போது பார்க்கிறான். போன மாதம் ஒரு முள்ளை அன்றைக்கே எடுத்துவிட்டான்.

வேலை சின்னதாக இருக்க வேண்டும், வெளியில் சொல்ல வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து 15 வாரம் நடத்திய ஓர் ஆய்வு 2019-ல் வந்தது. மாற வேண்டும் என்ற ஆசை மட்டும் போதவில்லை, அந்த வாரத்துக்கு ஒத்துக்கொண்ட சின்ன வேலையைச் செய்து முடித்தவர்களிடம்தான் குணம் நகர்ந்தது. ஒத்துக்கொண்டு செய்யாமல் விட்டவர்கள் சில சமயம் எதிர்த் திசையில் நகர்ந்தார்களாம். ஆகவே பெரிதாக ஒத்துக்கொண்டு கவிழ்வதைவிட ஒன்றும் ஒத்துக்கொள்ளாமல் இருப்பது மேல். காலையில் பத்து கிலோமீட்டர் நடப்பேன் என்று ஷூ வாங்கினவர்கள் எங்கள் தெருவில் ஆறு பேர். ஷூ எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது.

மூன்றாவது, எழுதிவைப்பது. இதை நான் அத்தையிடமிருந்து எடுத்தேன். அவர் வீட்டில் தேதி கிழிக்கிற காலண்டர் உண்டு. காலையில் கிழித்த தாளைத் தூக்கிப்போட மாட்டார். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவார்: 'பால் ஒன்றரை. மாத்திரை 2. தெக்கு வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு. தேங்கா 40 போட்டது.' மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தார்கள் என்று ரேடியோவில் சொன்னால் அதையும் எழுதி, எங்கள் கடைமடை வாய்க்காலுக்கு எத்தனையாவது நாள் வந்தது என்பதையும் எழுதுவார். மாதக் கடைசியில் எல்லாத் தாளையும் பழைய மளிகைக் கடையில் பில் குத்திவைப்பார்களே, அந்த மாதிரி ஒரு கம்பியில் கோத்து உத்தரத்தில் மாட்டிவிடுவார். வருஷத்துக்குப் பன்னிரண்டு கம்பி. விதை விட்ட தேதி, மாடு கன்று போட்ட தேதி என்று ஊரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அத்தை வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் கம்பிகளை இறக்கித் துழாவினேன். அப்பா இறந்த அன்றைய தாள் கிடைத்தது. பின்னால் இரண்டே வரி. 'தம்பி போயிட்டான்.' அதன் கீழே, 'மாத்திரை 2.'

கொஞ்ச நேரம் எனக்குக் கோபம் வந்தது. தம்பி செத்த அன்றைக்கும் மாத்திரை கணக்கா என்று. பிறகு யோசித்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் வந்த கூட்டத்துக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது, எங்கள் அம்மாவைப் பிடித்து உட்காரவைத்தது எல்லாம் அத்தைதான். மயங்கி விழாமல் நின்றது அவர் ஒருத்தர்தான்.

நானும் ஒரு காலண்டர் வாங்கினேன். ஒரு நாளைக்கு மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள். டைரி எழுதுகிற மனுஷனாக மாறினால் பத்து நாளில் நின்றுவிடும்.

கவலைப்படும் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. கவலை ஆயுளைத் தின்னும் என்று கேட்டுக் கேட்டு, அதற்காகவும் கவலைப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும், என் மனைவி அப்படி. பிரிட்டனில் 3,21,456 பேரை வைத்து 2017-ல் வந்த ஆய்வொன்றில் ஆச்சரியமான ஒரு விஷயம் வந்தது. தங்கள் உடல்நிலை சுமார்தான், மோசம்தான் என்று சொன்னவர்களுக்குள், கவலைச் சுபாவம் கூடுதலாக இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் சற்றுக் குறைவு. சீக்கிரம் டாக்டரிடம் போகிறார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கவலையை நிறுத்த முயற்சி செய்வதற்குப் பதிலாக அதற்கு ஒரு தேதி கொடுங்கள். என் மனைவிக்கு நெஞ்சு படபடப்பு பற்றி ராத்திரி பதினோரு மணிக்குக் கவலை வரும். இப்போது 'வெள்ளிக்கிழமை, இசிஜி' என்று காலண்டர் தாளில் எழுதிவிட்டுத் தூங்குகிறாள். வெள்ளிக்கிழமை போயும் விடுகிறாள், அதுதான் விஷயம். என்னை மாதிரி, அப்பா மாதிரி, 'ஒண்ணும் ஆவாது' வகை ஆட்களுக்குத்தான் இந்தக் கவலையைக் கொஞ்சம் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் நம்பிக்கையோடு இருப்பது தப்பா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் 180 கன்னியாஸ்திரீகள் இளவயதில் தங்களைப் பற்றிக் கைப்பட எழுதின குறிப்புகளைப் பல பத்தாண்டு கழித்து எடுத்துப் பார்த்தார்கள். மகிழ்ச்சி, நன்றி மாதிரியான சொற்களை நிறைய எழுதினவர்கள் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். 2001-ல் வெளிவந்தது. டெர்மன் பிள்ளைகளின் கதையோடு இது மோதுகிற மாதிரித் தெரியும். என் கணிப்பைச் சொல்கிறேன், ஆய்வு சொன்னதில்லை: அந்தப் பெண்கள் ஏற்கெனவே மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் சாப்பிட்டு, மணியடித்தால் படுக்கிற வாழ்க்கையில் இருந்தார்கள். சீர் அங்கே மடத்திலேயே இருந்தது, அதன் மேல் சந்தோஷம் வேலை செய்தது. டீக்கடை பெஞ்சில் மணியடிக்க ஆளில்லை.

கோபத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எப்போதும் மற்றவர் மேல் பகையும் சந்தேகமுமாக இருப்பதற்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது பழைய செய்தி. எண்பதாம் கல்யாணத்திலேயே மூத்த மகனும் இளைய மகனும் யார் முதலில் ஊற்றுவது என்று சண்டை போட்டு நான் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் லென்ஸைக் கழற்றித் துடைப்பேன், இரண்டு நிமிஷம் ஆகும். அது வரைக்கும் வாயைத் திறப்பதில்லை.

மனுஷர் தொடர்பு மட்டும் விடக்கூடாது. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டட் குழு 2010-ல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் கணக்கைத் தொகுத்தது. உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்களுக்கு, ஆய்வு நடந்த காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல். கலகலப்பாகப் பேச வராதவர்கள் இதைப் படித்துச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. பேச்சுத் திறமை தேவையில்லை, தேதி போதும். நான் படம் எடுத்த தம்பதிகளுக்கு, கல்யாணம் நடந்த அதே தேதியில் வருஷத்துக்கு ஒரு தடவை போன் செய்கிறேன். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்க, பெரிய வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருப்பவர்கள் அதில் நிறைய. "நல்லாருக்கீங்களா தாத்தா, போட்டோக்கார தம்பி பேசுறேன்" என்றால் போதும், மிச்சத்தை அவர்கள் பேசுவார்கள். உங்கள் பட்டியலில் ஐந்து பேர் இருந்தால் போதும். பிறந்தநாள், திதி, ஏதாவது ஒரு தேதி.

இந்த ஊரில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாற்று நடவுக்கு விடியற்காலையில் போய் இடுப்பு ஒடியக் குனிந்து நிற்கிற பெண்களை விடக் கருத்தான ஆட்களை நான் பார்த்ததில்லை. அவர்களில் எண்பதைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? கூலி, தூக்கம், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம், இதெல்லாம் சரியில்லாத இடத்தில் குணத்தை மட்டும் பேசுவது அநியாயம். சீக்கிரம் போனவர்களைப் பார்த்து 'ஒழுங்கா இல்ல, போய்ட்டாரு' என்று சொல்லும் வாய்க்கு இந்தக் கட்டுரையைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

கடைசியாக, தவறிப்போவது. தவறும். தை மாத முகூர்த்த சீசனில் தொடர்ந்து பதினொரு நாள் எனக்கு மாத்திரையும் போயிற்று, காலண்டரும் போயிற்று. விட்ட மாத்திரையைச் சேர்த்து ரெண்டாகப் போட்டுக்கொள்ளாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். விட்டதைத் தேடி எழுதவும் உட்காராதீர்கள், அன்றைய தாளிலிருந்து ஆரம்பியுங்கள். ஐப்பசி மழையில் ஸ்டுடியோவுக்குள் தண்ணீர் வந்தபோது மறுபடி விட்டேன், மறுபடி ஆரம்பித்தேன்.

அத்தைக்கு எண்பதாம் கல்யாணம் நடக்கவில்லை. மாமா ஐம்பது வயதிலேயே போய்விட்டதால் ஜோடி இல்லை, ஆகவே மண்டபமும் இல்லை. எங்கள் குடும்பத்தில் அதிக நாள் இருப்பவர் கலசத் தண்ணீருக்குக் கீழே உட்கார்ந்து என் கேமராவுக்குள் வந்ததே இல்லை. போன பொங்கலுக்குப் போனபோது என்னுடைய காலண்டர்க் கம்பிகளை எடுத்துப்போய்க் காட்டினேன், கொஞ்சம் பெருமையாகத்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டு வந்தார். ஐப்பசிக் கம்பியில் கை நின்றது.

"ஏந்தம்பி, இதுல மூணு தாளக் காணுமே?"

வெள்ளத்தில் போயிருக்கும் என்றேன். மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.